பத்துப் பொருத்தத்துக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை

எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கல்யாணம் முடிவாகணும்னா என்னவெல்லாம் பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். தினம், கணம், ரஜ்ஜுன்னு பத்துப் பொருத்தம். மாப்பிள்ளைக்கு சம்பளம் எவ்வளவு, சொந்த வீடு இருக்கா, பொண்ணு என்ன படிச்சிருக்கு. இவ்வளவும் விசாரிக்கிற வீட்டுல, "ரெண்டு பேரும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கலாமா?"ன்னு கேட்டா மட்டும் முகம் மாறிடுது. "எங்க பையனுக்கு என்ன குறை?"ன்னு சண்டையே வந்துடும்.

பரிசோதனை கண்டிப்பா வேணும்னு நினைக்கிற ஆள்தான் நானும். ஆனா அதை நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் பண்ணக் கூடாது. நம்ம வயசுல, யார் பேரும் கல்யாணப் பேச்சுல அடிபடாதபோதே பண்ணிடணும்.

முதல்ல, ஏன் வேணும்? தமிழ்நாட்டுல சொந்தத்துக்குள்ள கல்யாணம் அதிகம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி இங்கே 28 சதவீதம். இந்தியா முழுக்க எடுத்தா 11 சதவீதம்தான். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியா நாலில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்ந்துக்கிறாங்க. அத்தை மகன், மாமன் மகள்னா எட்டில் ஒரு பங்கு. அதனால ஒரே குறையுள்ள மரபணு ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிற வாய்ப்பு கூடுது. அதுக்காக வெளியில சம்பந்தம் பண்றவங்களுக்கு இந்த ஆபத்தே கிடையாதுன்னும் சொல்ல முடியாது.

தலசீமியாவை எடுத்துப்போம். இதுல 'கேரியர்'னா நோயாளி இல்லை. அவங்க நம்மள மாதிரியே படிப்பாங்க, கிரிக்கெட் ஆடுவாங்க. அதிகபட்சம் லேசான ரத்தசோகை இருக்கலாம். சிக்கல் வர்றது கணவன், மனைவி ரெண்டு பேரும் கேரியரா இருக்கும்போது. அப்போ ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீதம் தலசீமியா மேஜர் வர வாய்ப்பு இருக்கு. முதல் குழந்தைக்கு வந்துட்டதால அடுத்த மூணுக்கும் வராதுன்னு அர்த்தம் இல்லை. ப்ராபபிலிட்டி பேப்பர் எழுதின நமக்குத் தெரியும், ஒவ்வொரு தடவையும் புது டாஸ். அந்தக் குழந்தைக்கு ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். ஏத்துற ரத்தத்தால உடம்புல சேர்ற இரும்புச் சத்தை வெளியேத்தத் தனியா மருந்து வேற.

2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி என். கிருபாகரன், திருமணத்துக்கு முன் மருத்துவப் பரிசோதனையை ஏன் கட்டாயமாக்கக் கூடாதுன்னு அரசுகளைக் கேட்டார். ஆண்மைக் குறைவு சம்பந்தமா வந்த கேள்வி அது. கேள்வி நியாயமானதுதான். ஆனா நம்ம ஊர்ல சர்டிபிகேட்னு ஒண்ணு வந்தாலே அது பாஸ், ஃபெயில் மார்க்‌ஷீட்டா மாறிடும்னு எனக்கு பயம். பத்திரிகை அடிச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு ரிப்போர்ட் வந்தா ரெண்டே வழிதான்: மறைக்கணும், இல்ல நிறுத்தணும். நின்னா யாரைப் பேசுவாங்க? ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே மாதிரி இருந்தாலும், "அந்தப் பொண்ணுக்கு ஏதோ ரத்தத்துல கோளாறாம்"னுதான் ஊர் சொல்லும். அவ தங்கச்சிக்கு வர்ற வரனும் தட்டிப் போகும்.

இதைச் சரியாச் செஞ்ச ஒரு நாடு இருக்கு. சைப்ரஸ். தலசீமியா ரொம்ப அதிகமா இருந்த தீவு. 1970-களில் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிச்சாங்க. அப்புறம் கல்யாணத்துக்கு முன்னாடி பரிசோதனை சர்டிபிகேட் வேணும்னு தேவாலயமே கேட்க ஆரம்பிச்சது. அதுல முடிவு இருக்காது. பரிசோதனை பண்ணி ஆலோசனை கொடுத்தாச்சுங்கிற தகவல் மட்டும்தான் இருக்கும். ரெண்டு பேரும் கேரியர்னு தெரிஞ்சும் பெரும்பாலான ஜோடிகள் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கர்ப்பத்தோட மூணாவது மாசத்துலயே குழந்தையோட நிலையைப் பார்க்க வழி இருக்கு, அடுத்து என்னன்னு முடிவு எடுக்கிறது அவங்க கையில. நோயோட பிறக்கிற குழந்தைகளோட எண்ணிக்கை அங்கே கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துடுச்சு.

நம்ம நாட்டுலயும் இதே வழியில ஒரு தொடக்கம் இருக்கு. 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கின அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டம் கல்யாணம் பேசுறவங்களை மட்டும் தேடிப் போகலை. பழங்குடிப் பகுதிகள்ல 40 வயசு வரைக்கும் எல்லாரையும் பரிசோதிக்கிறாங்க. எல்லாருக்கும் பண்ணும்போது யாரும் தனியாத் தெரிய மாட்டாங்க.

கல்லூரிக்கும் அதுதான் பொருந்தும். நாம ரத்ததான முகாம்ல கொடுக்கிற ரத்தத்துல எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா இந்த அஞ்சையும் கட்டாயம் பார்ப்பாங்க. தலசீமியா அந்தப் பட்டியல்ல இல்லை. சாதாரண சி.பி.சி. டெஸ்ட்ல சந்தேகம் வந்தா, எச்.பி.எல்.சி. டெஸ்ட்ல உறுதி பண்ணிடலாம். மரபணு மாறப் போறதில்லை, அதனால வாழ்க்கையில ஒரே ஒரு தடவை பண்ணினா போதும். ரிப்போர்ட் நம்ம கைக்கு மட்டும் வரணும். டிபார்ட்மெண்டுக்கோ வீட்டுக்கோ போகக் கூடாது. கேரியர் இல்லைன்னா விஷயம் முடிஞ்சது. கேரியர்னா, நாளைக்கு வரப் போறவரை முதல் சந்திப்புலயே ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லணும், அவ்வளவுதான்.

எச்.ஐ.வி. மட்டும் வேற கதை. இன்னைக்கு எடுத்த முடிவு ரெண்டு வருஷம் கழிச்சு செல்லாது. அதைக் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துக்கணும். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசம், ரகசியமும் காப்பாங்க. 2017 சட்டப்படி சம்மதம் இல்லாம யாருக்கும் இந்த டெஸ்ட் எடுக்க முடியாது. ரத்த வகை வேறங்கிறதுக்காக சம்பந்தத்தைத் தட்டிவிடவும் வேண்டாம். பொண்ணு நெகட்டிவ், பையன் பாசிட்டிவ்னா கர்ப்பத்திலயும் பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள்ளயும் ஆன்டி-டி ஊசி போட்டா சமாளிச்சிடலாம்.

ஃபைனல் இயர்ல இருக்கிற நமக்கு இன்னும் ரெண்டு, மூணு வருஷத்துல வீட்டுல ஜாதகத்தை வெளியில எடுத்துடுவாங்க. அதுக்குள்ள நம்ம என்.எஸ்.எஸ். நடத்துற அடுத்த ரத்ததான முகாம்ல தலசீமியா டெஸ்டையும் விருப்பப்பட்டவங்களுக்குச் சேர்க்கச் சொல்லி ஒரு லெட்டர் கொடுப்போம். கையெழுத்துப் போட நான் ரெடி. நீங்க?