ஒரு மணி நேரப் பயணமா? முழுக் கணக்கையும் போடுங்க!

நண்பர்களே, பரந்தூர் விமான நிலையம்னு பேச்சு எடுத்தாலே, "இனிமே காஞ்சிபுரத்துக்காரங்க ஒரு மணி நேரத்துல பெங்களூரு போயிடலாம்"னு கமெண்ட் வருது. கணக்கு போட்டுப் பார்ப்போம்.

இப்போ மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரு விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டு தூரம் சுமார் 270 கி.மீ. பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணி. ஆனா பிள்ளையார்பாளையத்திலிருந்து பட்டுச்சேலை பார்சலோட கிளம்புற வியாபாரிக்கு?

மீனம்பாக்கம் போய்ச் சேர 2 மணி நேரம். செக்-இன், பாதுகாப்பு சோதனைன்னு 2 மணி நேரம். பறக்க 1 மணி நேரம். தேவனஹள்ளியில் இறங்கி பெங்களூரு ஊருக்குள்ள போக இன்னும் 1 மணி நேரம். மொத்தம் 6! நெடுஞ்சாலையில பஸ்ஸே கிட்டத்தட்ட அந்த நேரத்துல கொண்டுபோய் விட்டுடும்.

பரந்தூர் வந்தா இதுல ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சமாகும், உண்மைதான். ஆனா அந்த மிச்சத்துக்கு யார் விலை கொடுக்கிறாங்க? ஏகனாபுரம் மக்கள் 2022லிருந்து போராடுறது இதுக்குத்தான். ஏரியும் நெல்வயலும் போனா திரும்பி வராது.

விமானமே வேண்டாம்னு நாம சொல்லல. டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் அது தேவைதான். பக்கத்து மாநிலத்துக்குப் போக, காஞ்சிபுரம் வழியா ஓடுற செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில கூடுதல் ரயில் விடுங்க. அரக்கோணத்துல பெங்களூரு ரயிலைப் பிடிச்சுக்கிறோம்!

அடுத்த தடவை யாராவது "ஒரு மணி நேரம்"னு சொன்னா, வீட்டு வாசலிலிருந்து எண்ணச் சொல்லுங்க. ஏகனாபுரத்து வாசலையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்க.

படிச்சிட்டு மறக்காம பகிருங்க!

#பரந்தூர் #ஏகனாபுரம்