வயலுக்கு வந்த மாஸ்டர்

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில் கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்திக்குச் செல்லும் பெருந்தெருவில் ஓர் ஓசை வந்து குடியேறிவிடும். கோழி கூவுமுன்னே தொடங்கி, வெள்ளி முளைத்த பின்னும் ஓயாத ஓசை அது. சம்மாந்துறை வட்டைகளை நோக்கி வரிசையாகப் போகும் இரு சில்லு உழவு யந்திரங்களின் ஓசை. ஆனால், எங்கள் பகுதியில் எவரும் அதனை 'இரு சில்லு உழவு யந்திரம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'லாண்ட்மாஸ்டர்' என்பார்கள், நெருங்கிப் பழகியவர்கள் 'மாஸ்டர்' என்று சுருக்கியும் விடுவார்கள்.

இதனால் எனக்கொரு சங்கடம். பள்ளிக்கூடத்து ஆசிரியரையும் இங்கே மாஸ்டர் என்றே அழைப்பது வழக்கம். ஒருநாள் தேநீர்க் கடையில் நான் அமர்ந்திருந்தபோது, "மாஸ்டர் இப்ப எப்படி? இழுக்குதா?" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு ஆஸ்துமா உண்டென்பதை அறிந்தவர் யாரோ அன்புடன் விசாரிக்கிறார் என்றெண்ணி, "மழை பெய்தால் கொஞ்சம் இழுக்கும்" என்றேன். கடை முழுதும் சிரித்தது. கேட்டவர் எனக்குப் பின்னால் இருந்த விவசாயியின் யந்திரத்தைப் பற்றியல்லவா கேட்டிருந்தார்!

பெயரில் ஒரு சரித்திரம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றுத் திரும்பிய நம் நாட்டவரான றே விஜேவர்தன (1924–2010), சிறு கமக்காரனுக்கு ஏற்றதென 1950களில் வடிவமைத்த கையுழவு யந்திரமே லாண்ட்மாஸ்டர். இங்கிலாந்தில் நொட்டிங்காம் பகுதித் தொழிற்சாலையொன்றில் அது செய்யப்பட்டது. பின்னாளில் யப்பானிய டீசல் யந்திரங்கள் வந்து வயலைப் பிடித்துக்கொண்டன. அவற்றைத் தொடர்ந்து சீன யந்திரங்களும் வந்தன. ஆயினும் பெயர் மட்டும் பெயரவில்லை. இன்று எந்த நாட்டு யந்திரம் வந்து நின்றாலும் அது லாண்ட்மாஸ்டர்தான். அதைப் படைத்தவரோ முதிர்ந்த வயதில், 'நான் யந்திரமயமாக்கியது விவசாயத்தையா, வெறும் எருமையையா' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர். தம் புதல்வனைப் பற்றித் தந்தையொருவர் அப்படிக் கேட்பது எளிதன்று.

எருமை என்றதும் என் தகப்பனாரின் நினைவு வருகிறது. நான் சிறுவனாயிருந்தபோது எங்களிடம் இரண்டு சோடி எருமைகள் இருந்தன. மாலையில் வயலிலிருந்து திரும்பியதும் அவர் முதலில் தம் காலைக் கழுவமாட்டார். எருமைகளை வாய்க்காலில் இறக்கி வைக்கோற் சுருளால் தேய்ப்பார். குளம்பிலே கல் ஏறியிருக்கிறதா, கழுத்திலே புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். இரவில் அவற்றின் மூச்சு மாறினால் எழுந்துபோய்ப் பார்ப்பார். அதே வீட்டின் முற்றத்தில் இன்று என் தங்கையின் கணவருடைய லாண்ட்மாஸ்டர், மேலெல்லாம் காய்ந்த சேற்றுடன் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அடுத்த போகத்துக்கு முதல்நாள்தான் அதனை ஒருவர் ஏறிட்டுப் பார்ப்பார்.

கல்முனையில் இவ்வியந்திரங்களைத் திருத்தும் ஒரு காக்காவை எனக்கு நீண்டகாலப் பழக்கம். அவர் ஒருமுறை சொன்னார்: "மாஸ்டர், எருமையெண்டா நோவு வந்தாக் கத்தும். இது கத்தாது. நாமதான் குனிஞ்சு கேக்கணும்."

அவர் சொன்ன வேளை நல்ல வேளையன்று. என் மருமகனின் வலக்கையில் இரண்டு விரல்கள் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். எஞ்சினின் சக்தியைப் பின்னாலுள்ள பல்சக்கரப் பெட்டிக்குக் கொண்டு செல்லும் பெல்ட்டுகள் தளர்ந்திருந்தன. சேற்றில் பாரம் ஏறியதும் அவை வழுக்கின. வழுக்கும்போதெல்லாம் நிறுத்தி இழுத்துக் கட்டுவதற்குத் தடையாயிருக்கிறதென்று மேலே உள்ள இரும்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஒருநாள் பொழுது சாயும் வேளை, இன்னும் ஒரு வரவை மிச்சம். நிறுத்தாமலே பெல்ட்டைக் கையால் தள்ளிப் பார்க்கலாமென்று பையன் நினைத்தான். உயர்தர வகுப்பில் பௌதிகம் படித்த பையன், எனக்கு மாணாக்கன். அந்த மூடி எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு கிழமையாகக் கிடந்ததை நானும் கண்டேன். அதன்மேல் அன்றைய பத்திரிகையை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஆகவே பெல்ட்டைப் பற்றியே முதலில் எழுதுகிறேன். இந்தப் பெல்ட்டு தட்டையானதன்று. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவம். சில்லின் பள்ளத்திலே இரு பக்கச் சுவர்களையும் ஆப்புப்போல அழுத்திக்கொண்டு நிற்பதே அதன் பலம். இரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறக்குறைய 40 பாகை. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்: அரைக்கோணத்தின் சைனால் வகுத்தால், அதேயளவு இறுக்கமுள்ள தட்டைப் பெல்ட்டைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பிடிப்பு வரும். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். பெல்ட்டு பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. தேய்ந்து மெலிந்து அடியில் உட்கார்ந்துவிட்டால் ஆப்பு போயிற்று. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பள்ளத்தின் அடிப்பாகம் கண்ணாடிபோல் மினுங்கினால் அதுவே அடையாளம். அப்போது புதிய பெல்ட்டு வாங்கவேண்டும். ஒன்று மட்டுமன்று, பக்கத்திலுள்ள எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றவேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் பாரம் முழுவதையும் புதியதே சுமந்து சீக்கிரம் கெடும்.

இறுக்கத்தைப் பார்க்கும் விதம் எளிது. எஞ்சினை நிறுத்துங்கள். இரு சில்லுகளுக்கும் நடுவே பெல்ட்டைப் பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். ஒரு விரற்பருமனளவு தாழ்ந்தால் சரி. சரியான அளவு அந்தந்த யந்திரத்தின் கைநூலில் இருக்கும். அதற்கு மேல் தாழ்ந்தால் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைத்துள்ள போல்ட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். நகர்த்திய பிறகு ஒரு நூற்கயிற்றை இழுத்துப் பிடித்து இரு சில்லுகளும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கோணலாயிருந்தால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் உரசித் தின்னப்படும். வீணைத் தந்திபோல் இறுக்கிவிடுவதும் பிழைதான். பெல்ட்டு பிழைக்கும், பெயரிங் சாகும். புதிய பெல்ட்டு முதல் சில மணி நேரத்தில் நீளும். ஆதலால் முதல்நாள் மாலையிலே மறுபடி பார்க்கவேண்டும். வழுக்குகிறதென்று மண்ணை அள்ளிப் போடுவோரையும் நான் கண்டிருக்கிறேன். மண் பெல்ட்டையும் அரைக்கும், சில்லையும் அரைக்கும். இவ்வளவு வேலைக்கும் கால்மணி நேரம் போதும். கடைசியில் மூடியைப் பூட்டவேண்டும். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி வேலை செய்யும் நம்மவர்க்கு அம்மூடி அலங்காரப் பொருளன்று. தொங்கும் சாரத்தின் முனையைப் பெல்ட்டு பிடிப்பதற்கு ஒரு நொடி வேண்டாம்.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஒற்றைச் சிலிந்தர் டீசல் எஞ்சின் பொறுமையிலே எருமைக்கு இளைத்ததன்று. ஆனால் அதற்கு மூச்சு சுத்தமாயிருக்கவேண்டும். முதல் மழைக்கு முன் புழுதியுழவு செய்யும்போது அது குடிப்பது காற்றையன்று, பாதி மண்ணை. காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய் இருக்கும் வகையாயின், புழுதி நாட்களில் தினந்தோறும் கழற்றிச் சேற்றெண்ணெயைக் கொட்டிக் கழுவி, குறித்த கோடுவரை புது எண்ணெய் வார்க்கவேண்டும். கோட்டுக்கு மேல் வார்த்தால் எஞ்சின் அந்த எண்ணெயையும் உறிஞ்சிப் புகைக்கும். எஞ்சின் எண்ணெயைச் சமதரையில் நிறுத்தி வைத்தே அளக்கவேண்டும். வரம்பில் சாய்த்து வைத்து அளப்பது, சாய்ந்த தராசில் நெல் நிறுப்பதற்கு ஒப்பாகும். நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவழக்கு. பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சேற்றுநீர் உள்ளே புகுந்துவிட்டதென்று பொருள். எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை, நீர் புகுந்த ஸீலையும் மாற்றவேண்டும்.

2022ஆம் ஆண்டில் டீசலுக்காக நாடெங்கும் விவசாயிகள் கலன்களுடன் வரிசையில் நின்றதை யாரும் மறந்திரார். கிடைத்த கலனிலெல்லாம் டீசலைச் சேமித்த பழக்கம் அன்றோடு பலரிடம் தங்கிவிட்டது. கலனின் அடியில் நீரும் துருவும் படியும். அவை எரிபொருள் பம்பிக்குள் போனால் செலவு பெரிது. மேலிருந்து மெல்ல ஊற்றி, கடைசிச் சிறங்கையைக் கலனிலேயே விட்டுவிடுவது நன்று. தாங்கி முற்றாக வற்றிவிட்டால் குழாயில் காற்றுப் புகுந்து எஞ்சின் கிளம்பாது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் களைப்பதை விட்டு, வடிகட்டியிலுள்ள சிறு திருகாணியைத் தளர்த்துங்கள். குமிழி நின்று டீசல் தனியே வழியும்போது இறுக்குங்கள். கைப்பிடியைப் பிடிக்கும்போது பெருவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைக்கவேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் பிரிந்து நிற்கும் பெருவிரல்தான் முதலில் முறியும்.

கடலோரத்தார் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் கிணறுகளிற் சில உவர்க்கும். அந்நீரைக் குளிர்த்தாங்கியில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, துருவேறி, வெப்பம் வெளியேற வழியடைபடும். கொதித்துப்போன எஞ்சினில் குளிர்நீரைச் சட்டென்று கவிழ்ப்பதும் ஆகாது; இரும்பு வெடிக்கும்.

இனி, மண்ணைக் கிளறும் கத்திகள். இவற்றுக்கும் ஒரு கதையுண்டு. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிபர்ட் ஹவார்ட் என்ற பத்தொன்பது வயது இளைஞர், 1912இல் தம் தந்தையின் பண்ணையிலே, உழவதற்குக் கொழுவை இழுக்கத்தான் வேண்டுமா, சுழற்றினால் என்ன என்று பரீட்சித்துப் பார்த்தார். வட்டத் தகடுகளைச் சுழற்றியபோது மண் பக்கவாட்டில் எறியுண்டது. பின்னர் 'எல்' வடிவில் வளைந்த கத்திகளை அமைத்து அக்குறையை நீக்கினார். 1920இல் காப்புரிமையும் பெற்றார். நம் யந்திரத்துக் கத்திகள் அக்குலத்தைச் சேர்ந்தவை. ஆதலால் அவற்றில் இடம், வலம் உண்டு. எல்லா வளைவுகளும் உள்நோக்கி நின்றால் நடுவிலே மேடு எழும். வெளிநோக்கி நின்றால் நடுவிலே பள்ளம் விழும். மாறிமாறி நின்றால் நிலம் சமமாகும். கூர்ப்புறம் முதலில் மண்ணைத் தொடும்படி பூட்டவேண்டும். முதுகுப்புறம் தொட்டால் யந்திரம் துள்ளும்; ஓட்டுபவனோ மண் கடினம் என்று மண்ணைத் திட்டுவான். கத்தியில் வைக்கோலோ கொடியோ சுற்றினால் கியரைத் தள்ளிவிட்டுக் கைவைப்பது போதாது. எஞ்சின் நிற்கவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு புதிர். லாண்ட்மாஸ்டரின் இரு கைப்பிடிகளின் கீழும் திசை திருப்பும் கிளச்சுகள் உண்டு. வலப்புறத்தை அழுத்தினால் வலச் சில்லுக்குச் சக்தி போகாது. இடச்சில்லு தள்ள, வண்டி வலம் திரும்பும். இதே வண்டி நெல்மூட்டை நிறைந்த பெட்டியுடன் வாய்க்கால் அணையிலிருந்து கீழே இறங்கும்போது வலப்புறத்தை அழுத்தினால் என்னாகும்? இடப்பக்கம் திரும்பும்! இறக்கத்தில் எஞ்சின் சில்லை ஓட்டுவதில்லை. பாரமே தள்ளுகிறது, எஞ்சின் பிடித்து நிறுத்துகிறது. கிளச்சை அழுத்தியதும் வலச் சில்லு அப்பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக ஓட, வண்டி எதிர்ப்பக்கம் வளைகிறது. இதை அறியாத புதியவன் பயந்து இன்னும் அழுத்துவான். வண்டி வாய்க்காலில் இறங்கும். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், தாழ்ந்த கியரில், கைப்பிடியைத் தோள்வலிமையால் திருப்பியே இறங்கவேண்டும். நடுவில் கியர் மாற்றவே கூடாது.

தெருவுக்கு வந்த பிறகு பெட்டியின் பின்புறத்தில் சிவப்புப் பிரதிபலிப்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் சேறு பூசிய பெட்டி தெருவின் நிறமே. பெட்டி நெல்லுக்காகச் செய்யப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிட்டோம்; கலியாணத்துக்கும் கடற்கரைக்கும் பிள்ளைகளை அதில்தான் ஏற்றுகிறோம். 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு யந்திரத்தை நீர் இழுத்துச் சென்றது. அது இதனினும் பெரிய யந்திரம். பராமரிப்பினால் நேர்ந்ததும் அன்று. ஆயினும் அப்பாதை வழியே போகும்போது பெட்டியில் பிள்ளைகளைக் கண்டால் என்னால் பேசாதிருக்க முடிவதில்லை.

இந்தப் போகத்துக்கு முன் காக்கா எங்கள் வீட்டுக்கே வந்து யந்திரத்தைப் பார்த்தார். பெல்ட்டுகள் மூன்றையும் மாற்றினார். கயிற்றின் ஒரு முனையை மருமகனிடம் கொடுத்து, "நீ பாரு மகன், நேரா இரிக்கா?" என்று கேட்டார். அவன் குனிந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றான். இறுக்கி முடித்ததும் அவனே மூடியை எடுத்து வைத்து, இடக்கையால் பிடித்துக்கொண்டு, எஞ்சிய விரல்களால் நட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகினான். நான்கில் ஒன்றைக் காணவில்லை.

"மூண்டு போதும் மாமா" என்றான்.

நான் திண்ணைக்கடியில் தவழ்ந்து தேடி அதை எடுத்துவந்து கொடுத்தேன்.