டாங்கியின் மேல் தழை எதற்கு?

மாதிரி டாங்கி செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை ஒட்டி, வர்ணம் அடித்து, துருவும் சேறும் பூசி முடித்த பிறகு, "கொஞ்சம் பச்சை இருந்தால் எடுப்பாக இருக்கும்" என்று இரண்டு தழையை அங்கங்கே செருகிவிடுவார்கள். ரசத்தில் கொத்தமல்லி தூவுகிற மாதிரி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போர்க்களத்து டாங்கியின் மேல் இருந்த தழை அலங்காரம் அல்ல, பயத்தின் அடையாளம். அந்தப் பயம் தெரியாதபடி தழை வைப்பதைவிட வைக்காமலே விடலாம் என்பது என் கட்சி.

என்ன பயம்? 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. வானம் முழுக்க அவர்கள் வசம். பிரிட்டனின் டைஃபூன், அமெரிக்காவின் தண்டர்போல்ட் விமானங்கள் சாலைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. பகலில் நகரும் எதையும் விடவில்லை. ஃபிரிட்ஸ் பேயர்லைன் தலைமையில் போர்முனைக்குக் கிளம்பிய பான்சர் லேர் டிவிஷன், வருகிற வழியிலேயே வண்டிகளைப் பறிகொடுத்தது. அதனால் ஜெர்மானியர்கள் வயல் ஓரத்து உயிர்வேலிகளில் கிளைகளை வெட்டி டாங்கியை மூடினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்கள் சிலவற்றில் டாங்கியே தெரியாது. ஒரு புதர் நகர்ந்து வருவதுபோல் இருக்கும். பீரங்கிக் குழலில்கூடக் கிளை கட்டியிருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிறகு களத்தில் கிடந்த டாங்கிகளைச் சோதித்துப் பார்த்தபோது, விமான ராக்கெட்டால் அழிந்தவை மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? அவனுக்குத் தெரிந்தது தலைக்கு மேலே கேட்ட இரைச்சல் மட்டும்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டால், தழையை எப்படிச் செய்ய வேண்டும் என்பது தானாக விளங்கும்.

முதலில் அளவு. நம்மில் பலர் செய்வது 1:35. ஜப்பானின் தமியா நிறுவனம் 1961-இல் பான்தர் டாங்கியைக் கொண்டுவந்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்து அமைந்த அளவு இது. குழலோடு சேர்த்து எட்டரை மீட்டர் நீளமுள்ள டைகர் டாங்கி இந்த அளவில் 24 சென்டிமீட்டர். அப்படியானால் பத்து சென்டிமீட்டர் ஓக் இலை மூன்று மில்லிமீட்டர்கூட வராது. ஒரு சென்டிமீட்டர் இலையை ஒட்டினால், அது நிஜத்தில் 35 சென்டிமீட்டர். அதாவது நம்மூர்த் தேக்கிலை. நார்மண்டியில் தேக்கு ஏது?

வெளிநாட்டவர் பிர்ச் மரத்தின் காய்ந்த கதிரை உதிர்த்து, அதிலிருந்து விழும் மூன்று மடல் செதில்களை இலையாக ஒட்டுகிறார்கள். நமக்கு மெல்லிய தாள் போதும். முதலில் தாளின் இரு பக்கமும் வர்ணம் அடித்துக் காயவிட்டு, பிறகு பொடிப்பொடியாக இலை வடிவில் வெட்ட வேண்டும். பொறுமை வேண்டும், வேறொன்றும் வேண்டாம். கிளைக்குக் குச்சியை எடுக்காதீர்கள், தடிமனாகத் தெரியும். களைச்செடியைப் பிடுங்கினால் வருகிற வேரைக் கழுவிக் காயவைத்தால், அதன் நுனிகள் அசல் கிளை போலவே பிரிந்திருக்கும்.

அடுத்தது வாட்டம். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வெட்டிய கிளை ஜூன் மாத வெயிலில் எத்தனை நேரம் நிமிர்ந்து நிற்கும்? இலை தொங்கும், சுருளும், வெளிறிய அடிப்பக்கம் மேலே தெரியும். எஞ்சின் சூடு படும் பின்பக்கத்தில் இன்னும் சீக்கிரம் காயும். வாடின தழை வேலியின் பச்சையோடு ஒட்டாமல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மேலே புதுத் தழையைச் சொருகுவார்கள். ஆகவே மாதிரியிலும் அடியில் பழுப்பு, நடுவில் மங்கல், மேலே கொஞ்சம் பச்சை இருக்கட்டும். ஒரே பச்சையில் ஒரு டப்பா வர்ணத்தை அடித்தால் அது கல்யாணப் பந்தல்.

மூன்றாவது இடம். ஓட்டுநர் பார்க்கும் பிளவையும், குறிபார்க்கும் துளையையும் யாரும் மூடமாட்டார்கள். பீரங்கியோடு சுழலும் மேல்கூண்டிலிருந்து கீழ் உடலுக்குச் சேர்த்துக் கட்டினால், கூண்டு திரும்பியதும் கிளை முறியும். வெட்டிய முனை கயிற்றுக்கும் கம்பிக்கும் அடியில் செருகப்பட்டிருக்கும். இலை வெளியே பார்த்து நிற்கும்.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு உண்டு. "மூன்று வாரம் உழைத்து அடித்த வர்ணம் மறைந்துபோகுமே!" நியாயம்தான். 1943 பிப்ரவரி முதல் ஜெர்மன் டாங்கிகளுக்கு அடர்மஞ்சள் மேல் பச்சையும் செம்பழுப்பும் தீட்டும் முறை வந்தது. அதைக் கச்சிதமாகத் தீட்டுவது பெரிய வேலை. ஆனால் அந்த வர்ணம் மட்டும் போதவில்லை என்பதால்தானே அவர்கள் கிளையை வெட்டினார்கள்? தழை இடுக்கில் அங்கங்கே எட்டிப் பார்க்கும் வர்ணம், முழுசாகத் தெரிவதைவிட அழகு.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். தழையில்லாத டைகர் அலமாரியில் நின்றால், எதற்கும் அஞ்சாத ராட்சசன் போல இருக்கும். பார்க்கிற சிறுவன் அந்த வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவான். அது நாஜிகளின் ஆயுதம். நாம் செய்து வைப்பது வழிபாட்டுக்கு அல்ல. ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு, வாடிய கிளைக்கு அடியில் ஒளிந்து நிற்கிறது, உள்ளே ஐந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டினால், போர் என்னவென்று அவனுக்குக் கொஞ்சமாவது புரியும்.

எல்லா டாங்கிக்கும் இதே தழை பொருந்தாது. துனிசியாவில் போரிட்ட டைகருக்கு நார்மண்டி வேலியின் கிளையைச் செருகினால் அது பொய். எந்த ஊர், எந்த மாதம் என்று தீர்மானித்துவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுக்க வேண்டும்.

முடித்ததும் பக்கவாட்டில் பார்த்து ரசிக்காதீர்கள். தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்று, மேலிருந்து பாருங்கள். விமானி பார்த்தது அப்படித்தான். டாங்கியின் நேர்கோடுகளும் மூலைகளும் பளிச்சென்று தெரிகிறதா? அப்படியானால் உள்ளே இருந்தவர்கள் இன்னும் நாலு கிளை வெட்டியிருப்பார்கள். நீங்களும் வெட்டுங்கள்.