மூளை அவர்களுக்கு, தசை நமக்கா?

ஆங்கிலத்தில் ‘பிரான்’ என்றொரு சொல் இருக்கிறது. தமிழில் எழுதினால் இறால் நினைவுக்கு வரும். பக்தர்களுக்கு எம்பிரான் நினைவுக்கு வருவார். இரண்டும் இல்லை. தசை வலு, உடல் பலம் என்று பொருள். ஆனால் அது தனியாக வருவது குறைவு. ‘பிரெய்ன்’ என்ற சொல்லோடு ஜோடி சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். மூளையா, தசையா? இரண்டின் ஓசையும் ஒத்துப்போவதால் கேட்கச் சுகமாக இருக்கிறது. மூளை மேலே, தசை கீழே என்ற தீர்ப்பும் அந்தச் சுகத்தோடு சேர்ந்தே உள்ளே இறங்கிவிடுகிறது.

சொல்லின் பிறப்பைப் பாருங்கள். பழைய பிரெஞ்சில் சதைப்பற்றுள்ள பகுதியைக் குறித்த சொல் அது. அதன் வேர் ஜெர்மானிய மொழிகளில் இறைச்சியை வாட்டுவதோடு சேர்ந்தது. ஆங்கிலத்தில் காட்டுப்பன்றியின் சதையையும் அப்படித்தான் அழைத்தார்கள். இன்றும் பிரிட்டனில் பன்றித் தலையை வேகவைத்து உறையவைத்த பண்டத்துக்கு அதே பெயர்தான். தட்டில் கிடக்கும் சதைக்கும் மூட்டை தூக்குகிறவரின் தோளுக்கும் ஒரே சொல்.

இதற்காக வெள்ளைக்காரனை மட்டும் திட்டிப் பயனில்லை. இந்தப் பங்கீட்டைப் புருஷ சூக்தம் எப்போதோ செய்து முடித்துவிட்டது. வாய் பார்ப்பனருக்கு, கால் சூத்திரருக்கு. தீண்டப்படாதவருக்கு அந்த உடலில் இடமே இல்லை. கவனியுங்கள், அங்கே தோள்கூட உழைப்பவருக்குக் கிடைக்கவில்லை. அது சத்திரியருக்குப் போனது. ஆங்கிலம் படித்த நம் மேல்சாதியினருக்கு இந்தப் பழைய கணக்கைச் சொல்ல ஒரு புதிய சொல் கிடைத்தது, அவ்வளவுதான்.

சொல்தானே, விட்டுவிடலாமே என்பவர்கள் சட்டப் புத்தகத்தைப் புரட்டட்டும். 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலையைத் திறனோ சிறப்புப் பயிற்சியோ இல்லாமல் வயது வந்த எவரும் செய்யக்கூடிய உடல் வேலை என்று வரையறுத்தது. அந்த வேலை என்ன? கண்மாயில் தூர் வாருவது, கரை கட்டுவது. எந்த மண்ணை எங்கே கொட்டினால் நிற்கும், எவ்வளவு சரிவு விட்டால் ஐப்பசி மழைக்குக் கரை அரிக்காது என்பதெல்லாம் தசைக்குத் தெரியுமா? நம் கண்மாய்ப் பாசன ஊர்கள் பலவற்றில் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பகிர்ந்த நீர்பாய்ச்சிகள் தலித்துகள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற கணக்கு அவர்கள் தலையில் இருந்தது. தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதப்படுத்தியவர்களுக்கு வேதியியல் என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம், வேலை தெரியும். நெருப்பில் காய்ச்சி எந்த இடத்தில் நிறுத்தினால் பறையின் குரல் எழும் என்பதும் கை வலு அல்ல.

அப்படியானால் மலக்குழியில் இறங்குவதும் திறமையா என்று ஒருவர் மடக்குவார். இல்லை. அது 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த கொடுமை. அதற்குப் பாராட்டு வேண்டாம், ஒழிப்புதான் வேண்டும்.

சரி, நமக்கு மூளை இல்லை, உடல் மட்டும் உண்டு என்கிறார்களே, அந்த உடலையாவது ஒழுங்காக ஒப்புக்கொண்டார்களா? 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற கம்பெனிப் படையில் மகர்கள் இருந்தார்கள். நினைவுத் தூணில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ஆனால் 1885 முதல் 1893 வரை தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் ‘போர்க்குடிகள்’ என்றொரு பட்டியலைத் தூக்கிப் பிடித்தார்கள். 1890களில் மகர்களுக்குப் பட்டாளத்தின் கதவு மூடப்பட்டது. முதல் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோது சேர்த்தார்கள், போர் முடிந்ததும் கலைத்தார்கள். மகர் ரெஜிமெண்ட் அமைய 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வயலில் போதுமான வலு பாசறையில் எப்படிக் காணாமல் போகும்? சம்பளமும் துப்பாக்கியும் மரியாதையும் தரவேண்டிய இடத்தில் மட்டும் அது காணாமல் போகிறது.

இதைவிடத் தந்திரமானது இன்னொன்று. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைந்தது. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அடித்தார். 1954இல் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டமும் போனது. 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா என்ற பெயரில் பதினெட்டுத் தொழில்களுக்கு வந்தபோது, தலைமுறை தலைமுறையாக வரும் கைத்திறன் என்று புகழ்ந்தார்கள். இப்போது மட்டும் திறன் எங்கிருந்து வந்தது? கூலி நிர்ணயிக்கும்போது வெறும் உடல் வேலை. பிள்ளை கல்லூரிக்குக் கிளம்பும்போது பாரம்பரிய ஞானம்! செருப்புத் தைப்பது அவ்வளவு பெரிய ஞானம் என்றால், அதைக் கற்க அக்கிரகாரத்துப் பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை?

குறைந்தபட்சக் கூலி அட்டவணைகளில் ‘திறனற்ற தொழிலாளர்’ என்ற வரி இன்னும் இருக்கிறது. தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் தொகையை உயர்த்தக் கேட்கும்போது, அந்த வரியை அடிக்கச் சொல்லியும் கேளுங்கள். பணம் கொடுக்கக்கூட ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சொல்லை எடுக்க எவ்வளவு தயங்குகிறார்கள் என்று பாருங்கள்.