தாய்மார் மீது வீண் பழி

“தாய் உத்தியோகத்துக்குப் போனாள்; குழந்தைக்குப் பேச்சு வரவில்லை” என்று கூறும் கனவான்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தை வாய் திறவாவிட்டால், அதற்குக் காது கேட்கிறதா என்று பரீட்சிக்குமுன்பே தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறார்கள். சாட்சியத்தை விசாரியாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமன்று.

சாட்சியம் இருக்கிறது. அமெரிக்காவில் 1991-ம் வருஷம் முதல், பத்து இடங்களில் பிறந்த 1,300-க்கு மேற்பட்ட சிசுக்களை அறிஞர்கள் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் மட்டுமே வளர்த்த குழந்தைகளுக்கும், பகலில் பிறர் கையிலும் வளர்ந்த குழந்தைகளுக்கும் பொதுவாக வித்தியாசம் காணப்படவில்லை. பேச்சின் வளர்ச்சியோடு சம்பந்தப்பட்டவை, முதலாவது வீட்டின் நிலைமை. அடுத்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர் அதனுடன் எவ்வளவு பேசுகிறார் என்பது.

இதில் ஆச்சரியமில்லை. குழந்தை விரலை நீட்டி “கா” என்கிறது. “ஆமாம், காக்காய், பறந்து போயிற்று பார்” என்று ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அதுவே முதற் பாடம். தாய் சொன்னாலும், பாட்டி சொன்னாலும், ஆயா சொன்னாலும் அது பாடமே. கையிலே கொடுத்துவிடும் செல்போன் ஆயிரம் பாட்டுப் பாடும். குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லாது.

ஆகவே, கேள்வி தாய் எங்கே போனாள் என்பதன்று. அவள் போனபின் குழந்தையுடன் பேச யார் இருக்கிறார் என்பதே. 2019-20-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்கின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பாடுபட்ட பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருந்தனர். 2017-ல் செய்த சட்டத் திருத்தம் முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுமுறையும், 50 பேருக்குக் குறையாத ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகமும், தாய் தினம் நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையும் அளித்தது. விடுமுறை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. குழந்தை சொல் பழகுவதோ அதற்கடுத்த ஒன்றரை வருஷத்தில். சட்டம் ஏட்டில் இருக்கிறது. தொட்டில் எங்கே என்று முதலாளிகளைக் கேட்பது சர்க்காரின் கடமை. வயலிலும் பிறர் வீட்டிலும் உழைக்கும் தாய்க்கு இச்சட்டத்தின் நிழலும் எட்டுவதில்லை. அவளுக்குக் கதி 1975-ல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடியே. சோறு, எடை, ரிஜிஸ்தர் என்று எல்லாவற்றையும் ஓர் ஊழியர் தலையில் ஏற்றினால், குழந்தையுடன் அவர் எப்பொழுது பேசுவார்? இன்னோர் ஆளையும் நியமிக்க வேண்டும்.

கடைசியாக, நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் தமிழுக்காக மணிக்கணக்கில் முழங்குகிறோம். வீடு திரும்பியதும், நம் குழந்தையின் மழலைக்கு அரை மணி நேரம் பதில் சொல்லுகிறோமா? தாய்மொழி என்று பெயர் இருப்பதனால் அதைக் கற்பிக்கும் பாரம் தாய்க்கு மட்டுமே உரியதன்று. இன்றிரவே தகப்பன்மார் தங்கள் பங்கைச் செலுத்தத் தொடங்கட்டும்.