ஐம்பது மீட்டர் போதுமா?

1937-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கு கொண்டு வந்தது நம்ம சேலம் மாவட்டத்தில்தான். இப்போ? பள்ளியில் இருந்து டாஸ்மாக் கடை எவ்வளவு தூரம் தள்ளி இருக்கணும் தெரியுமா? 2003-ஆம் வருட விதிப்படி மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற ஊர்களில் 100 மீட்டர். அவ்வளவுதான்! நெடுஞ்சாலைக்கு 500 மீட்டர் வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது (பிறகு அதையும் தளர்த்திட்டாங்க). லாரி ஓட்டுறவங்களுக்கு அவ்வளவு, படிக்கிற பிள்ளைகளுக்கு இவ்வளவா?

நாம் யாரும் பள்ளி கேட்டில் குடியிருக்கவில்லை. நடந்துதான் வர்றோம். கடை மதியம் 12 மணிக்குத் திறக்குது. சாயங்காலம் பெல் அடித்து நாம் போகும்போது பாரில் கூட்டம் நிற்கும். செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்கிய கூலி, வீட்டுக்கு வருமுன்னே அங்கே போயிடுது. அன்றைக்கு அரிசிக்கு என்ன வழி என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் 2017-ல் நெடுஞ்சாலைக் கடைகளை ஊருக்குள் மாற்றியபோது ஊருக்கு ஊர் பெண்களே மறியலில் உட்கார்ந்தார்கள். நம்ம மாவட்டத்துக் காந்தியவாதி சசிபெருமாள் ஐயா, 2015-ல் கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு கடையை எடுக்கச் சொல்லிப் போராடும்போதே உயிரை விட்டார்.

நான் கேட்பது ரொம்பச் சின்னது. கடை வைக்கும் முன்னாடி அந்தத் தெரு அம்மாக்களிடம் கேளுங்கள். தூரத்தைப் பள்ளி கேட்டில் இருந்து மட்டும் அளக்காமல், பிள்ளைகள் நடக்கிற வழி முழுக்க அளங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி