செலவழுங்கிச் செல்க

பயணத்தைச் செலவு என வழங்கினர் பழந்தமிழர். இன்று அச்சொல்லைக் கேட்டதும் நமது கை பணப்பையைத் தடவுகின்றது. சொற்பொருள் காலத்தால் மாறிற்று என்று வகுப்பறையிற் கூறிவிடுதல் எளிது. ஆயின், உலகப் பெருவிளையாட்டு விழாவொன்றைக் காணக் கடல் கடக்க எண்ணும் ஒருவர்க்கு அச்சொல்லின் இருபொருளும் ஒருங்கே வந்து வாயிலில் நிற்கும். எந்தச் செலவுக்காக எந்தச் செலவு என்பதே அவர் தீர்க்கவேண்டிய வினா.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் என் பழைய மாணாக்கர் ஒருவர் என்னைக் காண வந்தார். கிராமப் பாடசாலையொன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவர். அவ்வாண்டு யூலை 26 முதல் ஓகஸ்ட் 11 வரை பாரிஸ் நகரில் நிகழவிருந்த ஒலிம்பிக் விழாவுக்குச் செல்லவேண்டும் என்பது அவர் வேட்கை. "ஐயா, தொடக்க விழாவையாவது பார்த்தே ஆகவேண்டும். அம்மா தன்ரை சங்கிலியை அடகு வைக்கத் தாறன் எண்டு சொல்லிப்போட்டா" என்றார். அத்தொடக்க விழாவின் மிகவுயர்ந்த நுழைவுச்சீட்டு 2,700 யூரோ. மிகக் குறைந்த போட்டிச் சீட்டு 24 யூரோ. அவர் கொணர்ந்த தாளில் நாளொன்றுக்கு இரண்டு போட்டிகளென நெருக்கிக் குறித்திருந்தார். மூச்சுவிட ஒரு பொழுதுமில்லை.

கண்டித்து அனுப்பிவிடவே என் மனம் முதலில் முனைந்தது. தொலைக்காட்சியிற் காணலாமே என்பார் பலர்; யானும் அவ்வாறு சொல்லி வந்தவனே. அக்கூற்றில் ஒரு குறையுண்டு. தொலைக்காட்சியிற் காண்பது பிறரொருவர் தெரிந்து காட்டுவது. அது வெற்றியை நோக்கித் திரும்பும். தோற்றவனைக் கணத்தில் விட்டகலும். அரங்கில் இருப்பவனுக்கோ கண் தன்னுடையது. எறியுமுன் ஒருவன் எத்தனை முறை அடியளந்து பார்க்கின்றான், பயிற்றுநர் எங்கே நிற்கின்றார், தவறியபின் எவ்வாறு தன்னைத் தேற்றிக்கொள்கின்றான் என்பவற்றை உடற்கல்வி ஆசிரியரொருவர் நேரிற் காணுதல் கல்வியேயாம். ஆகவே போகவேண்டா என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

அகத்திணையிலே செலவழுங்கல் என ஒன்று உண்டு. பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் தலைவியின் துயர்கண்டு இடையில் நின்றுவிடுவான். அது செல்லாதொழிதலன்று, அவளைத் தேற்றியபின் செல்லும் பொருட்டு நின்ற நிலையே என்பது தொல்காப்பியர் கருத்து. யான் அவருக்குச் சொன்னதும் அதுவே: "தம்பி, செலவை ஒழிக்கச் சொல்லவில்லை, சற்று அழுங்கச் சொல்கிறேன். அந்தப் பதினேழு நாளையும் விட்டுவிடும். ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் 8 வரை அதே நகரில் மாற்றுத்திறனாளர்க்குரிய பரா ஒலிம்பிக் நடைபெறும். சீட்டு 15 யூரோவிலிருந்து உண்டு. அதற்குப் போம்."

அவர் முகம் வாடிற்று. சிறுவிழாவுக்குப் போகச் சொல்லுகிறாரே என்று எண்ணினார் போலும். பொருநராற்றுப்படையை நினைவூட்டினேன். அப்பாட்டில் வரும் பொருநன், விழா முடிந்த மறுநாள், அங்குக் கிடைக்கும் சோற்றை விரும்பாது வேற்றூர் நோக்கிப் புறப்பட்டவன். கூட்டம் போகும் திசையையே வழியென்று கொள்ளாதவனுக்கே நல்வழி காட்டுவோன் எதிர்ப்படுகின்றான்.

நிற்க. வழியின் இடர்களையும் கூறுதல் ஆற்றுப்படையின் இயல்பு. மலைபடுகடாம் குழிகளையும் பாம்புகளையும் கூட மறையாது சொல்லும். இக்காலப் பயணிக்குரிய குழிகள் வேறு. சீட்டை வாங்கியபின் விசாவைத் தேடுதல் முதலாவது குழி. பிரான்சு உள்ளிட்ட செங்கன் நாடுகளுக்குப் பயணத்துக்கு முந்திய ஆறு மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். விழாவின் பெயரை நம்பி இடத்தைப் பாராமை இரண்டாவது. பாரிஸ் ஒலிம்பிக் என்றாலும் பாய்க்கப்பற் போட்டி மார்செய்யிலே. அலைச்சறுக்கோ 15,000 கிலோமீற்றருக்கு அப்பால் தாகித்தித் தீவிலே. ஒவ்வொரு நாளையும் போட்டியால் நிரப்புதல் மூன்றாவது. தொடக்க நாட் காலையில் அதிவேகப் புகையிரதப் பாதைகளுக்குத் தீவைக்கப்பட்டமையாற் பல்லாயிரவர் வழியில் நின்றனர். அன்று மாலை மழை கொட்டிற்று. சேன் ஆற்றுநீர் தூயதாக இல்லாமையால் யூலை 30இல் நடக்கவேண்டிய ஆடவர் முப்போட்டி மறுநாளுக்குத் தள்ளிற்று. வெற்றுநாள் வையாதவன் இவற்றால் எல்லாவற்றையும் இழப்பான்.

அழுங்கிச் சென்றால் எல்லாம் மலிவென்று சொல்லேன். நிலக்கீழ் வண்டியின் கட்டணம் 2.15 யூரோவிலிருந்து 4 யூரோவாக உயர்த்தப்பட்டது, இரு விழாக்களும் முடியும்வரை. ஆயினும் லா சப்பலில் நம்மவர் கடைகள் உள. அயலிலே சொந்தக்காரர் வீடொன்றில் அவருக்குப் பாய் கிடைத்தது. நம் நாட்டிற் பிறந்த தர்ஷன் செல்வராசா 2023இல் பாரிஸ் நகரின் சிறந்த பாண் சுடுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஒலிம்பிக் தீபத்தையும் ஏந்திச் சென்றார். அத்தகைய நகரில் வெற்றுநாளும் வெறுமையாகாது.

அவர் சென்று வந்தார். தாயாரின் சங்கிலி கழுத்திலேயே இருந்தது. ஒலிம்பிக் விழாவுக்கு நம் நாட்டிலிருந்து அறுவர் சென்றனர், பதக்கம் கிடைக்கவில்லை. பரா ஒலிம்பிக்கிலோ சமித துலான் ஈட்டியை 67.03 மீற்றர் எறிந்து, தம் வகுப்பில் உலக சாதனையோடு வெள்ளிப் பதக்கம் பெற்றார். என் மாணாக்கர் அன்று அரங்கில் இருந்தார். படங்கள் சில, குறிப்புகள் ஒரு கொப்பி நிறைய. அவற்றைக் காட்டியவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் சொன்னார்: "ஐயா, என்ரை வகுப்பிலை ஒரு பெடியன். கால் ஏலாது. விளையாட்டுப் பாடம் வந்தால் வேப்பமரத்தடியில் இருந்து மற்றவையின்ரை செருப்புக்குக் காவல் இருப்பான். நான்தான் அப்பிடி இருத்தி வைச்சனான்."

இப்பொழுது அப்பையன் காவல் இருப்பதில்லை. மூங்கிற் கழியொன்றை எறியப் பழகுகின்றான். தூரம் பெரிதன்று என்றே கேள்வி.

பெருவிழாக்களுக்குச் செல்லும் நம்மவரிடம் யான் வேண்டுவது ஒன்றே. புறப்படுமுன் சற்று அழுங்குக. எதைக் காண, யார் பொருட்டு, எவருடைய சங்கிலியால் என்று எண்ணுக. திரும்பியபின் விமானம் ஏறிய கதையை விடுத்து, பின்வருவோர்க்கு உதவும் வழியை எழுதுக. ஆற்றுப்படை பாடியவர்கள் பரிசில் பெற்றதோடு அமையாது, பெறாதோர்க்கும் வழி சொன்னார்கள். செலவு செய்தவர் எல்லார்க்கும் அக்கடன் உண்டு.